ஓடை தாண்டிப் போட்ட ஓட்டு

அந்த மே மாதம் சாரூனுக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது, நடந்தால் பாதி வழியில் திரும்பத் தோன்றியது. ப்ரேக் ஸ்லெங் சந்தையில் பதினோரு வருஷமாக அரிசிச் சேவை பிழிந்து, மேலே மீன் குழம்பு ஊற்றி விற்கிறவள். அவள் கை அளவு தப்பியதாக ஒருவரும் சொன்னதில்லை. அந்த மாதம் மட்டும் ஒரு நாள் குழம்பில் உப்பே இல்லை, மறுநாள் வாயில் வைக்க முடியாத உப்பு.

"என்னக்கா, ஓட்டு முடியற வரைக்கும் எங்க நாக்குக்குத் தண்டனையா?" என்று பக்கத்துக் கடைப் பன்றிக்கறிக்காரி கேட்டாள்.

சாரூன் சிரிக்கவில்லை. ஓட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

சண்டையை நிறுத்தி ஓட்டு நடத்த வெளிநாட்டு நீலத் தொப்பிக்காரர்கள் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாலு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். காட்டுக்காரர்கள் வைக்கவே மாட்டோம் என்றுவிட்டார்கள். மற்ற மூன்று பேரும் துருப்பிடித்ததைக் கொடுத்துவிட்டு நல்லதைப் புதைத்துவிட்டார்கள் என்பது சந்தைப் பேச்சு. அப்படியும் ஓட்டு நடத்தியே தீருவோம் என்று வெள்ளை வண்டிகள் தெருத்தெருவாகப் புழுதி கிளப்பின. ஓட்டுப்போட வந்தால் குண்டு விழும் என்று காட்டுக்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஜனங்களுக்குக் குண்டு புதிதா என்ன? சாரூனுக்குக் கவலை குண்டைப் பற்றி இல்லை.

அவள் பெற்றது நாலு. நடுவில் இரண்டு, காட்டுக்காரர்கள் நாட்டை ஆண்ட அந்த நாலு வருஷத்தில் போயின. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் பேசப்போவதில்லை. மூத்தவன் கோசல். எண்பத்து நாலில் அவனுக்குப் பதின்மூன்று வயது. எல்லைக் காட்டை வெட்ட அரசாங்கம் வீடு வீடாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. சாரூனின் தம்பி பையனைத் தாய்லாந்து எல்லைக்குக் கூட்டிப் போனான். "ஒரு வருஷம்க்கா, நிலைமை சரியானதும் கொண்டாந்து விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் ஒன்பது வருஷமாக வரவில்லை. அடுத்த கோடையில் புருஷனைக் காடு வெட்டக் கொண்டுபோனார்கள். கண்ணிவெடி. கையில் மிஞ்சியது பால் குடிக்கிற நிமோல் மட்டும்.

போன தை மாதத்தில் செஞ்சிலுவை வண்டி ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தது. வாத்தியாரம்மா கிம்லாய் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். முதலில் யாரோ ஆம்பளை பேசுகிறான் என்றுதான் நினைத்தாள். "அம்மா, நான் கோசல். குரல் மாறிடுச்சு, பயப்படாத. எங்க கட்சி ஜெயிச்சா நேரா வீட்டுக்கு வந்துடுவேன். தோத்தா மறுபடி காட்டுக்குத்தான், துப்பாக்கியோட. அப்புறம் எப்பன்னு சொல்ல முடியாது." அந்தக் கேசட்டை நாற்பது தடவை கேட்டிருப்பாள். கிம்லாய் டீச்சருக்கே பாடமாகிவிட்டது.

எனவே ஓட்டு மகன் சேர்ந்த எல்லைக்காரர்கள் கட்சிக்குத்தான் என்பதில் சாரூனுக்குச் சந்தேகமே இல்லை. வந்தது வேறு வினை.

ஊர்த் தலைவர் கெங் ஆளும் கட்சிக்காரர். நல்ல மனிதர்தான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சித்திரை வருஷப்பிறப்பு கழிந்த மூன்றாம் நாள், வீட்டுக்கு ஒருவரை ஓடைக்கரைக்கு வரச் சொன்னார். அங்கே பூவரச மரத்தடியில் ஊரைக் காக்கிற நியாக் தாவின் குடிசை. சிலை கிடையாது. ஒரு புற்று, அதன்மேல் சிவப்புத் துணி. ஊருக்கு அவர் தாத்தா. நல்லது கெட்டது எல்லாம் அவரிடம் சொல்லித்தான். கெங் ஒரு சொம்பு தண்ணீரில் துப்பாக்கிக் குண்டு ஒன்றைப் போட்டு, ஊதுவத்தி கொளுத்தி, ஒவ்வொருவரையும் குடிக்க வைத்தார். ஒவ்வொருவரும் சொல்ல வேண்டிய சத்தியம்: "ஆளும் கட்சிக்கே ஓட்டு. மாத்திப் போட்டா என் வீட்டுப் பிள்ளை தலையில விடியட்டும்." எந்தப் பிள்ளை என்று பெயர் சொல்ல வேண்டும். சாரூன் சொல்ல ஊரில் ஒரு பெயர்தான் இருந்தது. நிமோலுக்கு அப்போது ஒன்பது வயது.

ரேடியோவில் நீலத் தொப்பிக்காரர்கள் தினமும் மூன்று வேளை சொன்னார்கள்: நீங்கள் போடுகிற ஓட்டு ரகசியம், ஒருவருக்கும் தெரியாது, பயப்படாதீர்கள்.

"கெங்குக்குத் தெரியாது, சரி," என்றாள் சாரூன் ரேடியோவைப் பார்த்து. "தாத்தாவுக்குத் தெரியுமே."

போனால் போகிறது, மகன் வரட்டும் என்று ஒரு திங்கட்கிழமை மனதுக்குள் முடிவு கட்டினாள். அன்று மத்தியானம் நிமோலுக்குக் குளிர் எடுத்தது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. பிறகு அடுப்புக் கல்லாகக் கொதித்தது உடம்பு. சாரூன் ஓடைக்கு ஓடி, புற்றின் முன் விழுந்து, "நெனச்சது தப்பு, மன்னிச்சுக்கோங்க" என்றாள். மறுநாள் நிமோல் எழுந்து கொய்யாப்பழம் தின்றாள். சரி, தப்பித்தோம் என்று மூச்சு விட்ட மறுநாளே கேசட் நினைவு வந்தது. பாவம் அந்தப் பிள்ளையும் என் பிள்ளைதானே என்று நினைத்தாள், நினைத்ததுதான் தாமதம், மறுபடி குளிர். இப்படி நாள் விட்டு நாள் அவள் மனசு மாற, நாள் விட்டு நாள் நிமோல் விழுந்தாள். கடைசியில் எதையும் நினைக்கக்கூடாது என்று சேவை பிழிந்தால், அதைத்தான் முதலில் நினைத்தாள்.

அப்போதுதான் ஓடை ஞாபகத்துக்கு வந்தது.

தாத்தாவின் எல்லை ஓடை வரைக்கும்தான். மாடு திருடியவன் ஓடையைத் தாண்டிவிட்டால் இந்தத் தாத்தாவிடம் முறையிட்டுப் பயனில்லை. அந்தப் பக்கத்துத் தூல் அம்பில் என்கிற ஊரின் தாத்தாவிடம் தனியாகக் கோழி வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஓட்டுப்பெட்டியை ஓடைக்கு இந்தப் பக்கம் கோயில் பள்ளிக்கூடத்தில் வைத்தால்தானே சத்தியம் பிடிக்கும்?

ஒரு தூக்கு நிறைய சேவையும் குழம்பும் எடுத்துக்கொண்டு நீலத் தொப்பிப் போலீஸ் கொட்டகைக்குப் போனாள். அங்கே கிம்லாய் டீச்சர்தான் மொழிபெயர்ப்பு. போலீஸ்காரர் கானா நாட்டுக்காரர். பெயர் நீளம், ஊர் வாயில் அம்பான் என்று நின்றது. வாசற்படியில் குனிந்து நுழைகிற உயரம். குழம்பு ஊற்றினால் சட்டி தெரிகிற வரை சாப்பிடுவார் என்பதால் சந்தையில் நல்ல பெயர்.

"பெட்டியை ஓடைக்கு அந்தப் பக்கம் மாத்தி வைக்கணும்னு சொல்லுங்க டீச்சர். எரநூறு அடிதான். நானே ஒரு பக்கம் தூக்கறேன்."

காரணத்தைக் கேட்டுவிட்டுக் கிம்லாய் தலையில் கை வைத்தாள். "இதை நான் எப்படிச் சொல்றது? படிச்சவ மானம் போகும்டி."

"உங்க மானமா, என் பிள்ளையா?"

கிம்லாய் சொன்னாள். சொல்லும்போதே கொஞ்சம் சிரித்தாள். அம்பான் சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அவர் ஊர்லயும் ஆத்து மேல சத்தியம் பண்ணுவாங்களாம்," என்றாள் கிம்லாய், கொஞ்சம் அசடு வழிந்து. "அதைக் கேட்டுச் சிரிச்சவன் வீட்ல வெளக்கு ஏத்த ஆள் இருக்காதாம். தண்ணி குடிக்க வெச்சது யாருன்னு கேக்கறார். எழுதித் தர்றியா, மேலிடத்துக்குப் புகார் அனுப்பறேங்கறார்."

"எழுதறதா? நீங்க எப்ப ஊருக்குப் போவீங்கன்னு அவரைக் கேளுங்க டீச்சர்."

"செப்டம்பர்லயாம்."

"கெங் அக்டோபர்லயும் என் பக்கத்து வீட்லதான் இருப்பான்."

அம்பான் புகார்த் தாளை எடுத்தார். அதை மறுபடி மேசைக்குள் வைத்தார். பெட்டி வைக்கிற இடம் தலைநகர் புனோம் பென்னில் முடிவானது, தன்னால் ஒரு அங்குலம் நகர்த்த முடியாது என்றார். பிறகு அவளுடைய படம் ஒட்டிய ஓட்டு அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இந்த மாகாணத்துக்குள்ள எந்தப் பெட்டியில வேணாலும் போடலாமாம்," என்றாள் கிம்லாய். "தூல் அம்பில்லயும் ஒரு பெட்டி இருக்காம். அட, இது எனக்கே தெரியாது."

பெட்டி நகராவிட்டால் என்ன, கால் நகருமே. சாரூன் அன்று வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினாள். இந்த ரகசியத்தைப் பன்றிக்கறிக்காரியிடம் மட்டும் சொன்னாள்.

பன்றிக்கறிக்காரியிடம் மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பது ஓட்டு நாள் காலையில் தெரிந்தது. மழை பிசுபிசுக்க, பாதி ப்ரேக் ஸ்லெங் நல்ல பட்டுப் பாவாடை உடுத்தி, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மரப்பாலத்தை நோக்கிப் போனது. எதிரே தூல் அம்பில் ஜனம் பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தது. அந்த ஊரிலும் ஒரு தலைவர், அங்கேயும் ஒரு சொம்பு. இரண்டு கூட்டமும் பாலத்தில் முட்டிக்கொண்டன. "எங்க வீட்டை நீங்க பாத்துக்கங்க, உங்க வீட்டை நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு கிழவர் சொல்ல, மழையிலும் சிரிப்பு.

பாலத்தின் இந்த முனையில் கெங் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கையில் நோட்டு. தாண்டுகிறவர்கள் பெயரை எழுத ஆரம்பித்திருந்தார். சிரிப்பு நின்றது. முன்னால் போன இரண்டு பெண்கள் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, பிறகு திரும்பியே போய்விட்டார்கள். அப்போது அம்பான் கிம்லாயோடு சைக்கிளில் வந்து இறங்கினார். அவரிடம் துப்பாக்கி கிடையாது, ஒரு நீலத் தொப்பிதான். கெங்கின் பக்கத்தில் போய் நின்று, மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு, தன் பையிலிருந்து தானும் ஒரு நோட்டை எடுத்தார். கெங்கின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கிம்லாய் மூலம் கேட்டார். கெங் நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மழை பெரிசாகும் போலிருக்கிறது என்று சொல்லிப் போனார். சாரூன் நிமோலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள். அம்பானும் கிம்லாயும் கூட்டத்தோடு பின்னால் வந்தார்கள்.

தூல் அம்பில் பள்ளிக்கூடத்தில் வரிசை வாசலைத் தாண்டி வயல் வரப்பு வரை நின்றது. இங்கே தாத்தாவின் கை எட்டாது. சாரூனுக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு பசித்தது. வாழையிலையில் கட்டி வந்த சோற்றைப் பிரித்து நிமோலுக்கு ஒரு வாய் கொடுத்தாள். நிமோல் வாங்கவில்லை. பற்கள் தந்தியடித்தன.

"அம்மா, குளுருது."

சாரூன் சோற்றை அப்படியே கீழே வைத்தாள். க்ரமா துண்டை அவிழ்த்துப் பிள்ளையைச் சுற்றினாள், அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டாள், வரிசையை விட்டு வெளியே வந்து பாலத்தைப் பார்க்க நடந்தாள்.

கிம்லாய் வந்து மறித்தாள். "எங்க போற? இன்னும் முப்பது பேர்தான்."

"இங்கயும் வந்துட்டார் டீச்சர்."

"அது மலேரியாடி. நாள் விட்டு நாள் வரும். மாத்திரை இருக்கு, வாங்கித் தர்றேன்."

"மலேரியான்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரை அதுக்குக் குடுத்தவ நான். அனுப்பறது யாருங்கறதுதான் பேச்சு."

 சாரூன் மழையில் நின்றாள். முன்னால் பாலம், பின்னால் பெட்டி. அந்தப் பக்கம் போனால் கோசல் காட்டுக்குப் போவான். இந்தப் பக்கம் நின்றால் மடியில் இருப்பது போகும். ஒரு தாயிடம் இப்படிக் கேட்கிற தெய்வத்தையும் கட்சியையும் ஒரே உரலில் போட்டு இடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு அப்படித் தோன்ற நேரமில்லை. அவள் அம்பானைப் பார்த்தாள். வேலிக்கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இந்த ஊர்த் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்துத்தான் குடிப்பார். எந்தத் தாத்தாவிடமும் எதுவும் சொல்லிக்கொண்டு வந்தவர் இல்லை. எந்தத் தாத்தாவும் அவரைக் கேட்க முடியாது.

"டீச்சர், அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"மூணு பையன். எதுக்கு?"

"பொண்ணு வேணுமான்னு கேளுங்க."

கிம்லாய்க்குப் புரிந்துவிட்டது. தங்காத பிள்ளையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, பெயரை மாற்றிக் கூப்பிட்டு, தேடி வருகிறதை ஏமாற்றுவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள், பிக்குவுக்குக் கொடுப்பார்கள். தொப்பி போட்ட வெளிநாட்டானுக்கு யாரும் கொடுத்ததில்லை.

அம்பான் கேட்டுவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "ஓட்டு விஷயத்துல அவர் தலையிடக் கூடாதாம். வேலை போயிடுமாம்," என்றாள் கிம்லாய்.

"ஓட்டைப் பத்தி யார் பேசினா? பொண்ணைக் குடுக்கறேன். வேணுமா, வேணாமா?"

அவர் மழையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், சாரூனின் தோளில் நடுங்குகிற முதுகைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கிம்லாயிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"என்ன கிழமை பொறந்தாங்கறார்."

"செவ்வாய்."

"அப்ப அபெனா. அவங்க ஊர்ல செவ்வாய்க்கிழமை பொறந்த பொண்ணுக்கு அதான் பேராம்."

சாரூன் க்ரமாவின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அம்பானின் மணிக்கட்டில் ஒரு சுற்று, பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு சுற்று கட்டினாள். பிறகு ஓடைப் பக்கம் திரும்பி, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி, "இது கானாக்காரர் மக. பேரு அபெனா. எனக்கு ஊர்ல பிள்ளை கிடையாது" என்றாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. உடைந்தால் தாத்தா நம்ப மாட்டார்.

உள்ளே அட்டையைக் காட்டினாள், விரலில் மை தடவினார்கள், மறைப்புக்குள் போய் எல்லைக்காரர்களின் சின்னத்தில் கோடு போட்டாள்.  வெளியே வந்தபோது அம்பான் பிள்ளையைத் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கிம்லாய் மாத்திரையை உடைத்துக்கொண்டிருந்தாள். சாரூனின் கை பிள்ளையை வாங்கத் தானாக நீண்டது. சாரூன் அதை இழுத்துக்கொண்டாள்.

"அபெனா," என்றாள். "வா, சித்தி வீட்டுக்குப் போகலாம்."

நிமோலுக்கு முதலில் அது விளையாட்டாக இருந்தது. சித்தி, சித்தி என்று கூப்பிட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பாள். இரண்டாவது வாரம் கொதிக்கிற கஞ்சி கையில் பட்டு "அம்மா" என்று கத்திவிட்டாள். சாரூன் அவளை அறைந்தாள். பெற்ற நாளிலிருந்து முதல் அடி. அறைந்துவிட்டுக் கொல்லைக்குப் போய்த் தன் கையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு நிமோல் தவறவே இல்லை.

எல்லைக் கட்சிக்குத்தான் அதிக ஓட்டு. தோற்றவர்கள் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. பல நாள் இழுபறிக்குப் பிறகு இரண்டு கட்சியும் சேர்ந்து ஆள்வது என்று முடிவானது. கெங் தலைவராகவே இருந்தார். காட்டுக்காரர்கள் காட்டிலேயே இருந்தார்கள். இதற்கா இத்தனை பாடு என்று கேட்டவர்கள் உண்டு. சாரூன் கேட்கவில்லை. இரண்டு படையும் ஒரே படை ஆகிறது, லீவு கொடுப்பார்கள் என்று ரேடியோ சொன்னது அவளுக்குப் போதும்.

செப்டம்பரில் அம்பான் கிம்லாயைக் கூட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்தார். காய்ச்சல் விட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது, இனி பொண்ணைத் திரும்ப எடுத்துக்கொள் என்றார்.

"வேணாம் டீச்சர். அவர் போயிடுவார். தாத்தா எங்க போவார்? திரும்ப வாங்கின அன்னிக்கே வாசல்ல வந்து நிப்பார்." சாரூன் அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "அவர் மகளாவே இருக்கட்டும். நான் வளர்த்துக் குடுக்கறேன்னு சொல்லுங்க."

அம்பான் அன்று சட்டி தெரிகிற வரை சாப்பிடவில்லை. நிமோலின் தலையில் கை வைத்துத் தன் பாஷையில் ஏதோ சொன்னார். கிம்லாய்க்கும் அது புரியவில்லை.

நவம்பர் மாதம், தண்ணீர் வடிகிற சமயம். நிமோல் வேலி ஓரம் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். தோளில் பையோடு ஒருவன் வந்து நின்றான்.

"சாரூன் வீடு இதானே?"

"ஆமா. சித்தி, யாரோ வந்திருக்காங்க."

அவன் முகம் மாறியது. பை தோளிலிருந்து நழுவியது. "நீ நிமோலா? அப்ப அம்மா? அம்மா எப்பப் போனாங்க?"

கம்பங்கள்மேல் நின்ற வீட்டுக்கு அடியில் மாவு பிசைந்துகொண்டிருந்த சாரூன் அந்தக் குரலைக் கேட்டாள். நாற்பது தடவை கேட்ட குரல். முழங்கை வரை வெள்ளை மாவோடு ஓடி வந்து, "நான்தான்டா, இருக்கேன்டா" என்றாள். இருபத்து இரண்டு வயது ஆள், படைச்சட்டை போட்டவன், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அம்மா, அம்மா என்று ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துக் கூப்பிட்டான். கொஞ்சம் அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமோலைப் பார்த்தான்.

"பின்ன ஏன் இவ சித்திங்கறா? நான் செத்தே போயிட்டேன்."

 நிமோல்தான் முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"எங்க அப்பா கானாவுல இருக்கார். என் பேரு அபெனா. இவங்க எனக்கு சித்தி."

சொல்லிவிட்டு, ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே என்று சாரூனின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். மகனை அணைத்த கையை எடுக்காமலே, சரியாகத்தான் சொன்னாய் என்று சாரூன் தலையாட்டினாள்.